எந்த அக்கா சொன்னது?

பிப்ரவரி 9
வார்டு, ஜன்னல் ஓரக் கட்டில்

டேய் குண்டூசி,

கையில ஊசி சொருகியிருக்கு, எழுத்து கோணலாத்தான் வரும், படிச்சுக்கோ. ரெண்டு நாளா தூக்கம் இல்ல. வேணும்னும் தோணல. ஸ்டீராய்டு ஏத்தறாங்க. மூணாவது பாட்டில் தொங்குது. வாயெல்லாம் இரும்பை நக்கின மாதிரி இருக்கு. காலையில எழுந்து பக்கத்துக் கட்டில் அம்மாவோட அலமாரியை அடுக்கிக் குடுத்தேன், அவங்க கேக்கவே இல்ல. அப்புறம் கதவு கிரீச்சுன்னு கத்துதேன்னு நர்சோட சண்டை. அப்புறம் கட்டின புருஷன்னு கூட பாக்காம உன் மாமா மேல டம்ளரை எறிஞ்சேன். படல. குறி தப்பிடுச்சேன்னு அதுக்கு ஒரு கோவம்.

இப்ப உன்கிட்ட வரேன்.

காலேஜை விட்டது கூட பரவால்லடா. கடைசி வருஷத்துல விட்டுட்டு, எங்ககிட்ட சொல்லாம, தினமும் பையை மாட்டிக்கிட்டு, நான் கட்டிக் குடுத்த டிபனை எடுத்துக்கிட்டு எங்கேயோ போய் உக்காந்துட்டு வந்தியே! கேட்டா என்ன சொன்ன? "நீ என்ன எனக்கு அம்மாவா?" நாற்காலியை ஒரு உதை. கதவை ஒரு சாத்து. போயே போய்ட்ட.

மறுநாள் நம்ம டிரைவிங் ஸ்கூல்ல நான் கிளாஸ் எடுக்கற நாள். கார் கத்துக்க வர்ற பேங்க் அம்மா ஓட்டினாங்க, நான் பக்கத்து சீட்ல. சிக்னல் கிட்ட அந்தம்மா ப்ரேக்னு நினைச்சு ஆக்சிலேட்டரை மிதிச்சாங்க. என் பக்கத்து ப்ரேக்கை நான் மிதிச்சேன். மிதிச்சேன்னு நினைச்சேன். வலது கால் எங்க இருக்குன்னே தெரியலடா எனக்கு. குனிஞ்சு பாத்துத்தான் தேடினேன். அதுக்குள்ள தண்ணி கேன் வண்டியில போய் முட்டியாச்சு. ரோடு முழுக்க கேன் உருண்டுச்சு. யாருக்கும் அடி இல்ல, தப்பிச்சோம்.

ரெண்டு வருஷமா இந்த வியாதி வாலைச் சுருட்டிக்கிட்டு படுத்திருந்துச்சு. "டென்ஷன் மட்டும் வேணாம்"னு டாக்டர் சொன்னப்ப நீயும் பக்கத்து நாற்காலியில உக்காந்துதானே தலையை ஆட்டின? நீதான் எழுப்பிவிட்ட. நீதான்டா. நீ வராத. என் வீட்டுப் பக்கமே வராத. நீ சின்ன வயசுல எவ்வளவு அழகு தெரியுமா, தெருவுலயே அழகு நீதான், எல்லாரும் கன்னத்தைக் கிள்ளுவாங்க. வராத.

அக்கா


பிப்ரவரி 27

அக்கா,

லெட்டர் கெடச்சுது. சந்தேகத்துக்கே இடமில்லாம தெளிவா இருந்துச்சு. சரி, வரல.

இங்க லிஃப்ட் கம்பெனில சேந்துட்டேன். சர்வீஸ் டிபார்ட்மெண்ட். மெக்கானிக்கல் முடிச்சவன் ஸ்பேனர் கேப்பான், மெக்கானிக்கல் முடிக்காதவன் எடுத்துக் குடுப்பேன். ரூம்ல கூட ஒருத்தன் இருக்கான், குறட்டைன்னு பேர் வெச்சிருக்கேன், காரணம் சொல்ல வேண்டியதில்ல.

உன் லெட்டர் வந்ததுலேர்ந்து கையில இருக்கற போன்ல உன் வியாதியைப் பத்தித்தான் படிச்சுக்கிட்டு இருக்கேன். பாதி புரியுது. நரம்பு மேல வயருக்கு இருக்கற மாதிரி ஒரு உறை இருக்காம். உடம்போட காவல்காரனே திருடன்னு நினைச்சு அதைக் கடிச்சுத் திங்கறானாம். அதான் உன் கால் போட்ட சத்தம் தலைக்குக் கேக்கல, தலை போட்ட சத்தம் காலுக்குக் கேக்கல. இது வரைக்கும் ஓகே.

அப்புறம் டென்ஷன் கதை. டென்ஷன் ஆனா கிட்னி மேல குந்தியிருக்கற ஒரு சுரப்பி கார்ட்டிசால்னு ஒண்ணை ரத்தத்துல ஊத்துமாம். அது அளவுக்கு மீறி ரொம்ப நாள் ஊத்திக்கிட்டே இருந்தா மூளைல ஞாபகம் வைக்கற இடமே சுருங்கும்னு ஒருத்தன் எழுதியிருக்கான். சரி, நான் கொலைகாரன்தான்னு முடிவு பண்ணிட்டு அடுத்த பக்கம் போனா, உனக்கு பாட்டில் பாட்டிலா ஏத்தினாங்களே ஸ்டீராய்டு, அது அதே கார்ட்டிசாலோட ஒண்ணுவிட்ட அண்ணன்னு போட்டிருக்கு! வீக்கத்தை அடக்கும், காவல்காரனைத் தூங்க வைக்கும்னு.

மண்டை காயுதுக்கா. நான் குடுத்தா விஷம், ஆஸ்பத்திரில குடுத்தா மருந்தா?

எனக்கு ஒரே ஒரு விஷயம் தெரியணும். உன் காலை நான்தான் எடுத்தேனா? ஆமான்னா ஆமான்னு எழுது. அப்புறம் கால் இப்ப எப்படி இருக்குன்னும் ஒரு வரி. திட்டிக்கிட்டே எழுதினாலும் பரவால்ல.

தம்பி


மார்ச் 16

அன்புள்ள தம்பிக்கு,

கால் பெரும்பாலும் திரும்பி வந்துவிட்டது. சுண்டுவிரல் மட்டும் இன்னும் விடுப்பில் இருக்கிறது. வகுப்பு எடுக்க இப்போதைக்கு அனுமதி இல்லை. மாமா மட்டும் கற்றுக்கொடுக்கிறார். நான் அலுவலகத்தில் உட்கார்ந்து, எட்டு போடத் தெரியாதவர்களுக்குக் காகிதத்தில் எட்டு போட்டுக் காட்டுகிறேன்.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நான் உனக்கு என்ன எழுதினேன் என்று மாமாவிடம் கேட்டேன். அவருக்கும் தெரியாது. பார்க்க வந்த யாரிடமோ கொடுத்துத் தபாலில் போடச் சொன்னேனாம். ஏதோ கோபமாக எழுதிய ஞாபகம் இருக்கிறது. வார்த்தைகள் ஞாபகம் இல்லை. அந்த மருந்து அப்படித்தான் செய்யும் என்று டாக்டர் சொல்கிறார். ஏறும்போது தலையில் ஊர்வலம் போகும். இறங்கும்போது ஊர்வலம் போன தெருவைப் போல ஆகிவிடும். நிறுத்தியபின் ஒரு வாரம் காரணமில்லாமல் அழுதுகொண்டிருந்தேன். ஆகவே அதை எழுதியது நான் இல்லை, மருந்து. மனதில் வைத்துக்கொள்ளாதே.

நீ கேட்ட கேள்விக்கு எனக்கு விடை தெரியாது. மாமாவைக் கேட்டால் ஒரு விடை சொல்வார். அது உனக்கே தெரியும்.

இதற்கிடையில் ஒரு செய்தி. ஆஸ்பத்திரியின் பின்கட்டிடத்தில் ஓர் ஆராய்ச்சி டாக்டரம்மா இருக்கிறார். எச்சில் சேகரிக்கிறார், அதனால் வார்டில் அவருக்கு எச்சி டாக்டர் என்று பெயர். என் மாதிரி நோய் உள்ளவர்களின் உடம்பில் இந்த கார்ட்டிசால் எப்படி ஏறி இறங்குகிறது, அது மூளையை என்ன செய்கிறது என்று பார்க்கிறார். எச்சிலில் அது தெரியுமாம். டிரிப் ஏற்றிய உடனே எடுத்தால் மருந்தின் கணக்குதான் தெரியும். அதனால் நான் ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டும். ஒவ்வொரு நோயாளிக்கும் ஒப்பிட, அதே வீட்டில் வளர்ந்த, நோயில்லாத உடன்பிறப்பு ஒருவரும் வேண்டும் என்கிறார்.

எனக்கு இருப்பது நீ ஒருவன்தான். உன் எச்சிலைத் தருவாயா? நீ வர வேண்டியதில்லை. பெட்டியைக் கூரியரில் அனுப்புவார்கள்.

போன் வேண்டாம், கடிதமே போதும். போனில் நாம் நலம் விசாரித்து முடிப்பதற்குள் கத்த ஆரம்பித்துவிடுகிறோம்.

அன்புடன்
அக்கா


ஏப்ரல் 6

அக்கா,

எச்சி தானே, தரேன். ஊர் முழுக்க இலவசமா துப்பறான், என்கிட்ட மட்டும் லெட்டர் போட்டு கேக்கறீங்க.

ஆனா ஒரு சந்தேகம். இந்த லெட்டர்ல நீ நியூஸ் வாசிக்கற மாதிரி எழுதியிருக்க. "விடுப்பில் இருக்கிறது." "ஆகவே." வார்டுலேர்ந்து எழுதினப்ப நீ பேசற மாதிரியே இருந்துச்சு, கிட்ட நின்னு கத்தற மாதிரி. படிக்கறப்ப காது சுட்டுச்சு. அது நீ இல்லங்கற. இந்த நியூஸ் வாசிக்கற பொம்பள யாருன்னு எனக்குத் தெரியல. எது நீ?

அந்த லெட்டர்ல "தெருவுலயே அழகு நீதான்"னும் ஒரு வரி இருக்கு. அதுவும் மருந்தா? வராதங்கறது மருந்து, அழகுங்கறது அக்கான்னு பிரிச்சு வெச்சுக்கலாமா?

இன்னும் கேளு. சாதாரண நாள்லயும் உன் உடம்புல அந்தக் கார்ட்டிசால் சரக்கு ஓடிக்கிட்டுத்தானே இருக்கு? அன்னிக்கு வீட்ல என்னைத் திட்டினப்ப ஓடினது உன் சொந்தச் சரக்கு. வார்டுல ஓடினது வெளிச் சரக்கு. சொந்தச் சரக்குல திட்டினா அக்கா, வாங்கின சரக்குல திட்டினா மருந்து. நல்லா இருக்கே! அப்ப நான் நாற்காலியை உதைச்சப்ப எனக்கும்தானே ஏறியிருக்கும்? "உதைச்சது நான் இல்ல மாமா, கார்ட்டிசால்"னு சொன்னா மாமா செருப்பைக் கழட்ட மாட்டாரா?

பெட்டி வந்துடுச்சு. உள்ள சின்னச் சின்ன டியூப். ஒவ்வொண்ணுலயும் ஒரு பஞ்சு. கண்ணு முழிச்ச உடனே, பல்லு விளக்காம, டீ குடிக்காம அதை வாயில போட்டு மெல்லணும். அரை மணி கழிச்சு இன்னொண்ணு. படுக்கப் போறப்ப இன்னொண்ணு. எந்தெந்தத் தேதின்னு அவங்களே டியூப்ல ஒட்டி அனுப்பியிருக்காங்க. கூடவே ஒரு குறிப்புத் தாள், அன்னிக்கு மனநிலை எப்படின்னு அதுல எழுதணும். குறட்டை பாத்துட்டு, "பஞ்சு வாயில இருக்கறப்ப நீ பேசாம இருக்க, தினமும் அனுப்பச் சொல்லுடா"ங்கறான். ரூம்ல ஃப்ரிட்ஜ் கிடையாது. கீழ்வீட்டம்மா ஃப்ரிட்ஜ்ல பால் பாக்கெட்டுக்குப் பின்னாடி வெச்சிருக்கேன். என்னன்னு கேட்டாங்க, ஆராய்ச்சின்னேன். அன்னிலேர்ந்து மரியாதையா பாக்கறாங்க.

எனக்கு இந்த விஷயம் ஒருவழியா புரிஞ்சுடுச்சுன்னு நினைக்கறேன். லிஃப்ட் மேல ஏறிக்கிட்டே இருந்தா உச்சியில ஒரு ஸ்விட்ச் இருக்கும். லிஃப்ட் அதைத் தட்டினதும் மோட்டார் நின்னுடும். இல்லன்னா கூரையைப் பேத்துக்கிட்டு போயிடும். கார்ட்டிசாலும் அப்படித்தான், ஏறி மூளையைத் தட்டணும், மூளை "போதும், நிறுத்து"ன்னு சொல்லணும். உனக்கு அந்த ஸ்விட்ச் மக்கர். அவ்வளவுதான். எச்சி டாக்டர்கிட்ட சொல்லு, ஃபீஸ் வேணாம்.

தம்பி


ஏப்ரல் 25

அன்புள்ள தம்பிக்கு,

லிஃப்ட் கதையை டாக்டரம்மாவிடம் சொன்னேன். சிரித்தார். "பாதி சரி, பாதி தப்பு" என்றார். லிஃப்ட் ஏறித்தான் ஆக வேண்டும் என்று கட்டாயமில்லை. ஆனால் கார்ட்டிசால் தினமும் விடியும்போது ஏறித்தான் ஆக வேண்டும். அதுதான் நம்மை எழுப்பிவிடுகிறது. காலையில் ஏறி, பகல் முழுவதும் மெல்ல இறங்கி, படுக்கும்போது தரைக்கு வர வேண்டும். என்னைப் போன்றவர்களில் சிலருக்கு அது தேவைக்கு மேல் ஏறுகிறதாம். சிலருக்கு ஏறவே மாட்டேன் என்கிறதாம். சிலருக்கு "போதும்" என்று சொன்னாலும் காதில் விழுவதில்லையாம். "ஸ்விட்ச் கெட்டதால் நோயா, நோய் ஸ்விட்சைத் தின்றதா?" என்று கேட்டேன். "அது தெரிந்தால் நான் ஏன் உங்கள் எச்சிலைக் கேட்கிறேன்?" என்றார்.

நான் தெளிவடையப் போனேன். இன்னும் குழம்பித் திரும்பினேன்.

எது நான் என்று கேட்டிருந்தாய். எழுதி எழுதிக் கிழித்தேன். நாம் திட்டும்போது மனதில் இருப்பதுதான் வாயில் வருகிறதா, அல்லது வாயில் வந்ததை மனம் பிறகு தன்னுடையது என்று ஒப்புக்கொள்கிறதா? எனக்குத் தெரியவில்லை. உன்மேல் எனக்குக் கோபம் இருந்தது. இருக்கிறது. ஆனால் "வராதே" என்று நான் நினைத்தேனா? அந்த இடத்தில் கையை விட்டுத் தேடினால் ஒன்றும் தட்டுப்படவில்லை. மரத்துப்போன காலைத் தேடிய மாதிரி இருக்கிறது.

நியூஸ் வாசிப்பதாகக் கிண்டல் செய்கிறாய். கோபம் வந்துவிடக் கூடாது என்று கவனமாக எழுதுகிறேன், அதனால் இப்படி வருகிறது.

டியூபெல்லாம் ஒழுங்காகப் போகிறது. நான் மிகவும் அமைதியாக இருக்கிறேன். மாமா நேற்று, "பாத்தியா, அவன் போனதுலேர்ந்து வீடு எவ்வளவு நிம்மதியா இருக்கு. இப்படியே இருந்தா உனக்கு ஒண்ணும் வராது" என்றார்.

அன்புடன்
அக்கா


மே 14

அக்கா,

எச்சி டாக்டர் எனக்கு போன் பண்ணிச்சு. நான் லிஃப்ட் கூண்டு மேல நின்னுக்கிட்டு கிரீஸ் போட்டுக்கிட்டு இருக்கேன், ஒரு கையில போன்.

"தம்பி, பஞ்சை நீங்கதானே மென்னீங்க?"

"ஆமா மேடம், வேற யாரு மெல்லுவா?"

"நாங்க ஒட்டின தேதிலயா மென்னீங்க?"

"ஆமா மேடம்."

"டியூப் எல்லாம் இருக்கற அந்த டப்பா மூடியில ஒரு சின்ன சிப் இருக்கு. எப்ப திறக்கறீங்கன்னு அதுக்குத் தெரியும். நாங்க குடுத்த தேதில நீங்க திறக்கவே இல்ல. வேற வேற நாள்ல திறந்திருக்கீங்க. ஆனா குறிப்புல எங்க தேதியைப் போட்டிருக்கீங்க. எல்லா நாளும் 'மனநிலை: அமைதி'. இருபத்திரெண்டு வயசுல எல்லா நாளும் அமைதியா இருக்கறதுக்கு நீங்க என்ன சாமியாரா?"

மூடியில போய் சிப் வெப்பாங்கன்னு யாருக்குக்கா தெரியும்?

நடந்தது இதுதான். அவங்க ஒட்டின முதல் தேதிக்கு முந்தின சாயங்காலமே சூப்பர்வைசரோட எனக்கு சண்டை. எழுந்ததும் அதே கடுப்பு. இந்தப் பஞ்சை மென்னா உள்ள என்னென்ன இருக்கோ எல்லாம் காட்டிக் குடுத்துடும்னு தோணிச்சு. அப்படியே வெச்சுட்டேன். ரெண்டு நாள் கழிச்சு லீவு. நல்லா தூங்கி எழுந்து, பாட்டு போட்டு, மூச்சை இழுத்து விட்டு, அப்புறம் மென்னேன். அதுக்கப்புறம் எல்லாத்தையும் அப்படியே பண்ணேன்.

ஏன்னு கேக்காத, நானே சொல்லிடறேன். ஒரு பேப்பர் வேணும்னு நினைச்சேன். "இந்தப் பையன் சாதுவானவன். இவனைப் பக்கத்துல வெச்சுக்கிட்டா ஆபத்தில்லை"ன்னு ஆஸ்பத்திரி சீல் போட்ட மாதிரி ஒண்ணு. அதை எடுத்துக்கிட்டு மாமா முன்னாடி வந்து நிக்கலாம்னு.

அதை டாக்டர்கிட்ட சொல்லல. வேற ஒண்ணு கேட்டேன். "மேடம், எங்க அக்காவுக்கு அன்னிக்கு வந்தது என்னாலயா?" அவங்க சொன்னாங்க:

"ரொம்பப் பேரைச் சேர்த்துப் பார்த்தா, மன அழுத்தத்துக்கும் இந்த அட்டாக்குக்கும் ஏதோ தொடர்பு இருக்கற மாதிரி தெரியுது. ஆனா ஒரு அக்கா, ஒரு தம்பி, ஒரு சண்டைன்னு எடுத்துக்கிட்டு, இதனாலதான் அதுன்னு கோடு போட என்னால முடியாது. யாராலயும் முடியாது. போடறேன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க."

அப்ப நான் பண்ணலையான்னு கேட்டேன். அதையும் சொல்ல முடியாதுன்னாங்க.

என்னக்கா இது? தூக்கும் இல்ல, விடுதலையும் இல்ல. கோர்ட் வாசல்லயே நிக்க வெச்சுட்டாங்க.

தம்பி


மே 23

தம்பி,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அலுவலகத்தில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். ஓட்டுநர் தேர்வுக்கு வந்த ஒரு பெரியவர் பயந்துவிட்டார்.

என் டப்பா மூடியிலும் சிப் இருந்திருக்கிறது.

நானும் தேதியை மாற்றித்தான் மென்றேன். எல்லா நாளும் அமைதி என்றுதான் எழுதினேன். என்னையும் டாக்டரம்மா கூப்பிட்டு உட்காரவைத்து, "ஒரே வீட்ல வளர்ந்த ரெண்டு பேர், ஒரே மாதிரி ஏமாத்தறீங்க. இதுக்கே தனியா ஒரு ஆராய்ச்சி பண்ணலாம் போலிருக்கு. எனக்கு அமைதியானவங்க எச்சில்தான் வேணும்னா மாட்டுத் தொழுவத்துக்குப் போயிருப்பேனே!" என்றார். உன் பெயரை அவர் சொல்லவில்லை. வாய் தவறி "ரெண்டு பேர்" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். மீதியை நீயே எழுதிவிட்டாய்.

ஏன் செய்தேன்? குறித்த தேதிகளுக்கு முந்தைய இரவெல்லாம் எனக்கும் மாமாவுக்கும் தகராறு. உன்னைப் பற்றித்தான். "அவன் வரட்டும்" என்பேன். "வந்து உன் இன்னொரு காலையும் எடுக்கட்டுமா?" என்பார். அவர் கெட்டவர் இல்லை. அன்றைக்கு வார்டில் என்னைத் தூக்கிக்கொண்டு போய்க் கழிப்பறையில் உட்காரவைத்தவர் அவர்தான். பயப்படுகிறார். அந்தத் தகராறு நடந்த மறுநாள் காலையில் பஞ்சை வாயில் போட்டால், எண் ஏறி நிற்கும். எதனால் என்று கேட்பார்கள். உன் பெயர் என் எச்சிலில் வந்துவிடக் கூடாது என்று நினைத்தேன்.

ஆக, அமைதியாக இருப்பதாகக் காட்டுவதற்கே தினமும் தவித்துக்கொண்டிருந்திருக்கிறேன். அந்தத் தவிப்பு என்ன ஏற்றியதோ, யாருக்குத் தெரியும்?

மறுபடி முதலிலிருந்து எடுக்கச் சொல்லியிருக்கிறார். இந்த முறை குறித்த தேதியில். எப்படியிருந்தாலும்.

அக்கா


ஜூன் 11

தம்பி,

இதைக் கூரியரில் அனுப்புகிறேன், நாளை மாலைக்குள் உன் கையில் இருக்க வேண்டும். எழுத்து பெரிதாக இருக்கிறதே என்று பார்க்காதே. இடது கண்ணில் நேற்று முதல் பனி. யாரோ கண்ணாடியில் ஊதிவிட்டுத் துடைக்காமல் போன மாதிரி. விழியை அசைத்தால் வலி. காலையில் சிவப்பு சிக்னல் எனக்குப் பழுப்பாகத் தெரிந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனோம். அதே நோய்தான், இந்த முறை கண் நரம்பு. நாளை மறுநாளிலிருந்து மறுபடி டிரிப்.

எந்தச் சண்டையும் இல்லை. இதைக் கவனமாகப் படி. போன மாதத் தகராறுக்குப் பிறகு மாமாவும் நானும் பேசித் தீர்த்துவிட்டோம். சொன்னால் நம்பமாட்டாய், இந்த மூன்று வாரமும் உண்மையாகவே நன்றாக இருந்தேன். குறிப்பில் "அமைதி" என்று எழுதியது பொய் இல்லை. அந்த அமைதியில்தான் வந்தது.

டாக்டரம்மாவிடம் ஓடினேன். "அப்படியென்றால் என் தம்பி காரணம் இல்லைதானே?" என்றேன். "இதை வெச்சு அதையும் சொல்ல முடியாதும்மா" என்றார். டிரிப் ஏறினால் என் எச்சில் அவருக்குப் பயன்படாது. இப்போதைக்கு என்னை ஆராய்ச்சியிலிருந்து நிறுத்திவிட்டார். மாமா மட்டும் ஆஸ்பத்திரி நடைபாதையில் சுவரில் சாய்ந்து நின்றார். "அவன் இல்லாதப்பவும் வருதே" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

எனக்கு இன்னும் எதுவும் விளங்கவில்லை. நீ காரணமா, இல்லையா, தெரியாது. நீ வந்தால் நல்லதா, கெட்டதா, தெரியாது. என் தலைக்குள் எது என்னைப் பேசவைக்கிறது என்பதும் தெரியாது. தெரிந்துகொண்ட பிறகுதான் உன்னைக் கூப்பிடுவது என்றால், நாம் இரண்டு பேரும் கிழடாகிவிடுவோம்.

அதனால் இன்று, ஊசி ஏறுவதற்கு முன், சொந்தச் சரக்கு மட்டும் ஓடும்போது எழுதுகிறேன். வா.

டிரிப் ஏறிய பிறகு நான் என்னென்ன சொல்வேனோ தெரியாது. போ என்பேன். எறிவேன். நீதான் காரணம் என்று திரும்பவும் சொல்வேன். நீ போகாதே. போனில் சொல்லாமல் காகிதத்தில் எழுதுவது அதற்காகத்தான். நான் கத்தும்போது இதை எடுத்து என் முகத்துக்கு நேரே காட்டு.

அக்கா


ஜூன் 15
அதே வார்டு, இந்தத் தடவை கதவு ஓரம்

டேய்,

உன்கிட்ட வாய் திறந்து பேசறதா இல்ல, அதான் எழுதி நர்ஸ் கையில குடுத்து விடறேன். ஒரு கண்ணுலதான் பாத்து எழுதறேன். வெளிய பெஞ்சுல உக்காந்துக்கிட்டு என்னடா பண்ற நீ? வேலை வெட்டி இல்லையா உனக்கு? லிஃப்ட் எல்லாம் அங்க தானா ஏறி தானா இறங்குதா? காலையில அந்த லெட்டரை எடுத்து என் மூஞ்சிக்கு நேரா நீட்டற, போலீஸ்காரன் வாரண்ட் காட்டற மாதிரி! அதை எழுதினவ வேற. அவ ஒரு அழுமூஞ்சி. எல்லாத்துக்கும் பயந்து பயந்து, "விளங்கவில்லை, தெரியாது"ன்னு எழுதிக்கிட்டு இருப்பா. எனக்கு எல்லாம் விளங்குது. பளிச்சுனு விளங்குது. நீதான் காரணம். உன் மாமாவும் காரணம். இந்தக் கதவும் காரணம், இன்னும் எண்ணெய் போடல. எழுந்து போடா. போடான்னா போகணும். என்ன இப்படி இளைச்சுப் போயிருக்க, சாப்பிடறியா இல்லையா, சட்டை ஆணியில தொங்கற மாதிரி தொங்குது. பாக்கச் சகிக்கல. போ.

அக்கா


(அதே தாளின் பின்பக்கம்)

அக்கா,

இது எந்த நீன்னு எனக்குத் தெரியல. மாமாவைக் கேட்டேன், அவருக்கும் தெரியலையாம். பெஞ்சுல எனக்கு எடம் விட்டு தள்ளி உக்காந்திருக்கார், ரெண்டு பேரும் சேர்ந்து முழிச்சுக்கிட்டு இருக்கோம்.

கீழ போய் டீ வாங்கிட்டு வரேன். திட்டறவளுக்கும் ஒண்ணு, அழுமூஞ்சிக்கும் ஒண்ணு. யார் எதைக் குடிச்சாலும் சரி.

தம்பி